மரங்களைத் தனியாகக் கேட்கவும்

அம்மாக்கண்ணு மடியிலிருந்து ஒரு மரப்பட்டைத் துண்டை எடுத்து டெல்சியின் கீபோர்டு மேலேயே வைத்தாள். உள்ளங்கை அகலப் புளியம்பட்டை. அதில் மஞ்சள் பெயிண்டில் 41 என்று எழுதியிருந்தது.

"இது இன்னா நம்பரு?"

டெல்சி அதைத் திருப்பிப் பார்த்தாள். பட்டையிலிருந்து தூசி உதிர்ந்து எழுத்துக்களுக்கு நடுவே விழுந்தது.

"உன்னத்தான் கேக்கறேன் பாப்பா. பக்கத்து மரத்துக்கு நாப்பத்திரெண்டு. ரெண்டும் என் மரம். யார கேட்டுகினு நம்பரு போட்டானுங்க?"

"ரோடு வேலைக்கா இருக்கும்கா. எந்த ஊரு?"

"மேல்கொல்லை. எங்கண்ணன் கோபால் கொல்லையில நிக்குது."

கோபால் என்ற பெயரைக் கேட்டதும் டெல்சிக்கு ஞாபகம் வந்துவிட்டது. பத்து நாளுக்கு முன்னால் இதே மேஜைக்கு முன்னால், தலைத்துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றவர்.

ஜமுனாமரத்தூரில் அந்த மனு மையத்தை வெளியூர் அறக்கட்டளை ஒன்று நடத்திவந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று பேர். சந்தவாசல்காரியான டெல்சி, வார நாட்களில் இங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, ஞாயிறு பூசைக்கு ஊருக்குப் போவாள். மலைச்சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்பதால் இந்த மாதம் முழுக்க ஒரே வேலைதான். சாலையோர நிலக்காரர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். கடிதத்தின் மாதிரியும், ஆட்சேபணைக்கு இரண்டாவது மாதிரி ஒன்றும் மேலேயிருந்து வந்திருந்தன. பெயர், தகப்பனார் பெயர், ஊர், சர்வே எண் ஆகிய நான்கு இடங்கள் காலி. மற்றதெல்லாம் தயார். ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது உத்தரவு. முதல் கட்டத்தில் இரண்டுக்கும் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

டெல்சி கோபாலின் கடிதத்தைத் திறந்து பார்த்தாள். "மேற்படி நிலத்தையும் அதிலுள்ள மரங்கள் உட்பட அனைத்தையும் சாலைப் பணிக்கு ஒப்படைக்க முழு மனதுடன் சம்மதிக்கிறேன்." கீழே கோபாலின் கைநாட்டு.

"உங்க அண்ணன் சம்மதம் குடுத்திருக்காருக்கா. மரத்துக்கும் சேத்து."

"அவன் எப்படிக் குடுப்பான்? நெலம் அவன்து. மரம் என்னுது. எனுக்குக் கண்ணாலம் ஆனப்ப எங்க நைனா ரெண்டு மரத்தையும் காட்டி, இது உனுக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. இருவத்தாறு வருசமா மாசியில நான் வந்துதான் உலுக்கறேன். தானா வுழுந்த காயக்கூட அவன் தொடமாட்டான். கூடையில பொறுக்கி வெச்சி எனுக்குச் சொல்லி அனுப்புவான்." அவள் குரல் சற்றே இறங்கியது. "அப்படிப்பட்டவன் எழுதிக் குடுத்துட்டான் பாரு. அவன் மூஞ்சில இனிமே முழிக்க மாட்டேன்."

மலையில் இது வழக்கம். மண் மகனுக்கு, மரம் மகளுக்கு என்று பல குடும்பங்களில் பிரித்துக் கொடுப்பார்கள். பட்டாவில் இது ஏறுவதில்லை. ஏற வேண்டிய தேவையும் யாருக்கும் வந்ததில்லை. டெல்சி பிறந்த அடிவாரத்தில் நெல்லும் கரும்பும்தான். அங்கே வரப்புக்குள் நிற்பதெல்லாம் வரப்புக்காரனுடையது. மரத்துக்குத் தனியாக ஒரு சொந்தக்காரி இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவள் மனம் இடம் கொடுக்கவில்லை. அன்றைக்குக் கோபால் ஏதோ சொல்ல வந்தார். "தங்கச்சியோட மரம் ரெண்டு..." என்று ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். "அதெல்லாம் வேணாம்ண்ணா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று சொன்னவள் டெல்சிதான். அவர் வாயை மூடிக்கொண்டார். ஸ்டாம்ப் பேடைத் தள்ளினாள். பெருவிரலை வைத்துவிட்டுப் போய்விட்டார். எல்லாம் ஐந்து நிமிடம்.

"அக்கா, அது என் தப்பு" என்றாள் டெல்சி.

அம்மாக்கண்ணு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தப்புன்னா, சரி பண்ணு."

"மரம் வெட்டாம நிறுத்த முடியுமான்னு எனக்குத் தெரியாதுக்கா."

"வெட்றதுன்னா வெட்டட்டும். ரோடு வந்தா நல்லதுதான், புள்ளத்தாச்சிங்கள டோலி கட்டித் தூக்கத் தேவையில்ல. ஆனா என்ன ஒரு வார்த்த கேக்கணுமா இல்லியா? நான் இன்னா செத்தா போய்ட்டேன்?"

அந்தக் கேள்வியை மேஜை மேல் வைத்துவிட்டு அவள் போனாள். பட்டையையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

மதிய இடைவேளையில் டெல்சி டிபன் டப்பாவைத் திறக்காமல் அதுவரை தான் எழுதி அனுப்பிய கடிதங்களை எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் எத்தனை தங்கைகளின் மரங்களோ. "மாதாவே" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டு, மாதிரிக் கடிதத்தைத் திறந்தாள். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. சரி, மாற்ற வேண்டாம். ஆனால் கடிதம் டைப் செய்கிறவர்களின் கண்ணில் மட்டும் படும்படி வரிகளுக்கு நடுவே எழுதலாம். எழுதியதைத் தேர்ந்தெடுத்து 'ஹிட்டன்' என்று ஒரு டிக் போட்டால் போதும். திரையில் அடியில் புள்ளிக்கோட்டோடு தெரியும். அச்சில் வராது.

பெயர் எழுதும் இடத்துக்கு மேலே எழுதினாள்: முதலில் உட்காரச் சொல்லவும். நிற்கிறவர் சீக்கிரம் போக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வார்.

சர்வே எண்ணுக்குக் கீழே: நிலம் எவ்வளவு என்று ஏக்கரில் கேட்டால் விழிப்பார். எத்தனை படி சாமை விதைக்கிறீர்கள் என்று கேட்கவும்.

சம்மதிக்கிறேன் என்ற வரிக்கு நேராக: மரங்களைத் தனியாகக் கேட்கவும். நிலம் அண்ணனுடையதாகவும் மரம் தங்கையுடையதாகவும் இருக்கலாம். இருந்தால் தங்கைக்கு ஆட்சேபணைக் கடிதம், இரண்டாவது மாதிரி. நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

கடைசியாக, கைநாட்டு இடத்தில்: முழுவதையும் படித்துக் காட்டவும். நடுவே பேசினால் நிறுத்த வேண்டாம்.

டெல்சி அதைச் சேமித்து சசிகலாவின் கம்ப்யூட்டரிலும் போட, சசிகலா ஒரு பிரதி அச்சடித்துப் பார்த்தாள். பக்கத்து மேஜைக்காரி, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருபவள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒன்னுமே வரலக்கா! சுத்தமா கீது."

மூன்றாவது மேஜையிலிருந்து ரஞ்சித் எட்டிப் பார்த்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் வாய் ஓயாதவன். "இன்னாக்கா இது, லெட்டருக்குள்ள பிரசங்கம்? காணிக்கைத் தட்டு எங்க?"

"உன் வாய வெச்சிகினு சும்மா இரு. உன் கம்ப்யூட்டர்லயும் போடறேன்."

போட்டாள். ஆனால் அந்த நேரம் மின்சாரம் போய்விட்டது. ரஞ்சித்தின் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அச்சடித்துப் பார்க்க முடியவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டாள்.

அன்று மாலைக்குள் வந்த இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு இருபது நிமிடம் ஆயிற்று. வரிசையில் முணுமுணுப்பு இருந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் மனிதர்கள் வேறாகிவிட்டார்கள். நின்றபோது "ஆமாங்க" என்ற ஒரு சொல்லோடு வந்தவர்கள், உட்கார்ந்ததும் பாட்டன் வைத்த பலாவைப் பற்றியும், அத்தைக்கு விட்ட கொன்றையைப் பற்றியும் சொன்னார்கள். ஒருவரை உட்காரச் சொல்வது பெரிய தர்மம் ஒன்றும் அல்ல. நாற்காலி ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

புதன்கிழமை காலை சந்திரன் செங்கத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். மையத்தின் மேற்பார்வையாளர், ஆட்சேபணைக் கடிதத்துக்கு முத்திரை போடுபவர். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கத்த ஆரம்பித்துவிட்டார்.

"யாரு இது பண்ணது? மேலேந்து போன் மேல போன். ஒரு லெட்டர்ல 'நான் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள்'னு வந்திருக்காம். ஆபீஸே சிரிக்குது!"

செவ்வாய்க்கிழமைத் தபால் பையில் போயிருந்த ரஞ்சித்தின் மூன்று கடிதங்களும் குறிப்புகளோடு அச்சாகியிருந்தன. அவன் கம்ப்யூட்டரில் மறைந்திருப்பதையும் அச்சிடு என்ற இடத்தில் யாரோ எப்போதோ டிக் போட்டு வைத்திருந்தார்கள்.

"நான் பண்ணேன் சார்" என்றாள் டெல்சி. "ரஞ்சித் கம்ப்யூட்டர டெஸ்ட் பண்ணாதது என் தப்பு. அந்த மூணு லெட்டரையும் நானே திரும்ப அடிச்சு, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"அது இருக்கட்டும். டெம்ப்ளேட்ட மாத்தக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"மாத்தல சார். ஒரு எழுத்துகூட மாறல. பிரிண்ட் எடுத்துப் பாருங்க."

"ஒரு நாளைக்கி முப்பத்தஞ்சு லெட்டர் போன எடத்துல இருவத்திரெண்டு! இங்க இன்னா பட்டிமன்றமா நடத்தறீங்க? எல்லாத்தையும் அழிச்சிடு. இப்பவே."

டெல்சி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் கையால அழிக்க மாட்டேன் சார்."

"இன்னாது?"

"அழிக்க மாட்டேன். நான் கேக்காம எழுதி வாங்குன லெட்டரு நூத்துப் பன்னெண்டு கீது. அதுக்கு யாரும் போன் பண்ணல. கேட்டு எழுதுனதுக்கு ஆபீஸே சிரிக்குதுன்னா, சிரிக்கட்டும் சார்."

"வேல வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும் சார். அதனாலதான் சொல்றேன்."

சந்திரன் அவளை எழச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு குறிப்பாகத் தேர்ந்தெடுத்து, படித்து, உதட்டைச் சுழித்து, நீக்கினார். மூன்று கம்ப்யூட்டரிலும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் ஒரே தடவையில் நீக்க ஒரு வழி உண்டு. அது டெல்சிக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போகும்போது ஒரு தாளை நீட்டினார். விளக்கக் கடிதத்தின் மாதிரி. "என் கவனக்குறைவால் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது என உறுதி அளிக்கிறேன்." பெயரும் தேதியும் மட்டும் காலி. "வெள்ளிக்கிழம நானே இங்க வந்து உக்காருவேன். அதுக்குள்ள கையெழுத்து போட்டு வை. இல்லன்னா திங்கக்கிழம வர வேணாம். வெள்ளிக்கிழம வரைக்கும் நீ எதையும் டைப் பண்ணவும் வேணாம்."

வியாழக்கிழமை காலையில், மூன்று கடிதங்களையும் சசிகலா திரும்ப அடித்துக் கொடுக்க, டெல்சி அவற்றில் மறுபடி கைநாட்டு வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பிறகு ஷேர் ஆட்டோவில் ஏறி மேல்கொல்லைக்குப் போனாள். கோபால் வீட்டு வாசலில் கூடை ஒன்று இருந்தது. அதில் முன்கூட்டியே உதிர்ந்த புளியங்காய்கள், மேலே ஈரத்துணி மூடி.

"சொல்லி அனுப்புனேம்மா, வரல" என்றார் கோபால். "அன்னிக்கே நான் சொல்ல வந்தேன்."

"நான்தான் பேச வுடல. அத்த சொல்லத்தான் வந்தேன். மன்னிச்சிடுங்கண்ணா."

கோபாலுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரும் ஒருத்தி தன்னிடம் மன்னிப்புக் கேட்டு அவர் பார்த்ததில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார்.

"அவங்கள நாளைக்கி வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வந்து, மரம் தங்கச்சிதுன்னு எழுதிக் குடுத்தாதான் அவங்க லெட்டர் நிக்கும்."

"என்னப் பாத்தா செருப்பால அடிப்பாம்மா."

"வாங்கிகினு வாங்கண்ணா. அஞ்சு மணிக்குள்ள."

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அம்மாக்கண்ணு வந்தாள். தனியாக வரவில்லை. நீலாவதி, செல்லம்மா என்று மேல்கொல்லையிலும் பக்கத்து ஊர்களிலும் வாழ்க்கைப்பட்ட ஆறு பெண்கள் கூட வந்தார்கள். ஆளுக்கொரு பட்டைத் துண்டு மடியில் இருந்தது. 17. 58. 59. சந்திரன் டெல்சியின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். டெல்சி சுவரோரம் நின்றாள். அவள் தன் கையால் எழுதிய விளக்கக் கடிதம் மேஜையில் இருந்தது. சந்திரன் அதை இன்னும் பிரிக்கவில்லை.

"இன்னாம்மா இது, வெறகுக் கடையா?" என்றார் சந்திரன்.

"வெறகாகறதுக்கு முன்னாடி வந்திருக்கோம்" என்றாள் நீலாவதி.

"ரஞ்சித், கேட்டதுக்கு மட்டும் எழுதி அனுப்பு. டைம் இல்ல."

ரஞ்சித் மாதிரியைத் திறந்தான். திரை சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளிக்கோடுகூட இல்லை. அவன் அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி மேஜைக்கு இந்தப் பக்கம் போட்டான்.

"மொதல்ல உக்காருங்கக்கா" என்றான் அம்மாக்கண்ணுவிடம். அவன் நின்றபடியே கீபோர்டின் மேல் குனிந்தான். "நெலம் யாருது, சொல்லுங்க."

"எங்கண்ணன்து."

"மரம்?"

"என்னுது!" வெளியே சாலைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"ரஞ்சித்து" என்றார் சந்திரன்.

"சார், நீங்க அழிச்சது ஸ்கிரீன்லேந்துதான். எனுக்கு மனப்பாடம் ஆய்டிச்சி. அதுக்கு டெலீட் பட்டன் எங்க கீதுன்னு காட்டுங்க, அமுத்திடறேன்."

சசிகலா சிரிப்பை அடக்கிக்கொண்டு செல்லம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

சந்திரன் எழுந்துகொண்டார். "பட்டா யார் பேர்ல கீதோ அவங்கதான் ஆட்சேபணை குடுக்க முடியும். இந்தம்மா பேர்ல பட்டா இல்ல. நான் முத்திர போட மாட்டேன்."

"பட்டா எம் பேர்ல கீதுங்க."

வாசலில் கோபால் நின்றார். தலைத்துண்டு கையில் சுருட்டியிருந்தது. அம்மாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நெலம் என்னுது, மரம் அவளுது. எங்க நைனா குடுத்தது. நான் அன்னிக்கி வெச்ச கைநாட்டு நெலத்துக்கு மட்டும்தான். அப்படியே எழுதிக்கோங்க. எங்க வேணாலும் வந்து சொல்றேன். நீங்க முத்திர போடற வரைக்கும் நான் இங்கேந்து நவுர மாட்டேன்." அப்படி ஒரே மூச்சில் பேசி அவருக்குப் பழக்கமில்லை. முடித்ததும் திடுக்கிட்டவர் போல, "தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சிக்கோங்க" என்றார்.

"மன்னிப்பு இன்னாத்துக்கு? சரியாத்தான் சொன்னே" என்றாள் அம்மாக்கண்ணு, இன்னும் திரும்பாமலே.

மணி மூன்றேகால். கடிதம் அச்சாகி வந்தது. நிலக்காரரின் ஒப்புதலும் கூடவே. ரஞ்சித் இரண்டையும் சந்திரனிடம் கொடுத்தான். முத்திரை அவர் பையில் இருந்தது. அவர் அதை எடுத்து மேஜையில் வைத்தார். வைத்தாரே தவிர, தொடவில்லை. டெல்சி சுவரோரமிருந்து வந்து ஒரு தம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள். காலையிலிருந்து அவர் ஒன்றும் குடிக்கவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். கோபம் வேறு, தாகம் வேறு.

அவர் குடித்தார். அம்மாக்கண்ணு ஸ்டாம்ப் பேடில் பெருவிரலை ஒற்றிக்கொண்டு தாளின் மேல் குனிந்தாள்.

"இரும்மா" என்றார் சந்திரன்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"படிச்சுக் காட்டாம எப்படிக் கைநாட்டு வைப்பே?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்குப் புரிந்தது போலிருந்தது. மூன்று கம்ப்யூட்டர், முக்கால் மணி நேரம். அழிக்க வேண்டுமென்றால் படிக்க வேண்டும். அவரும் படித்திருந்தார், மற்ற இருவரைவிட அதிக முறை.

அவர் தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார். மரம் இரண்டு, எண் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, என் தந்தை எனக்குக் கொடுத்தவை, என்னைக் கேட்காமல் வெட்டக் கூடாது என்று படித்தார். நடுவில் அம்மாக்கண்ணு, "நாப்பத்திரெண்டுதான் கொஞ்சம் இனிப்பு, அதையும் எழுது" என்றாள். சந்திரன் நிறுத்தச் சொல்லவில்லை. "அதுக்கு எடம் இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியைப் படித்தார். கைநாட்டு விழுந்தது. முத்திரையும் விழுந்தது. மீதி ஆறு பெண்களின் கடிதங்களும் நாலேமுக்காலுக்குள் முடிந்தன. கெடு ஆட்சேபணைக்குத்தான், நிலக்காரர்களின் ஒப்புதலைப் பின்னால் சேர்க்கலாம், அதற்கு என்ன செய்வது என்று சந்திரன் கேட்டபோது, அண்ணன்மார்களைத் திங்கட்கிழமை இழுத்துக்கொண்டு வருவது தங்கள் பொறுப்பு என்று செல்லம்மா சொன்னாள்.

பெண்கள் போன பிறகு சந்திரன் டெல்சியின் கடிதத்தைப் பிரித்தார்.

"ரஞ்சித்தின் கணினியில் அச்சுத் தேர்வைச் சரிபார்க்காதது என் தவறு. அதற்கு வருந்துகிறேன். கோபால் பேசும்போது பேச்சை நிறுத்தியது அதைவிடப் பெரிய தவறு. அதை அவரிடமே சொல்லிவிட்டேன். குறிப்புகளை எழுதியது தவறு அல்ல. அதற்கு நான் வருந்தவில்லை. நான் ஏற்கெனவே கடிதம் எழுதி அனுப்பிய நூற்றுப் பன்னிரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டு மரங்களைக் கேட்க அனுமதி வேண்டுகிறேன்."

அவர் அதை மடித்து, கோப்பில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஹெல்மெட்டை எடுத்தார்.

"திங்கக்கிழம வா. ஆனா டெம்ப்ளேட்ல மட்டும் கை வெக்காத."

"வெப்பேன் சார்" என்றாள் டெல்சி. "இந்தத் தடவ மூணு கம்ப்யூட்டர்லயும் டெஸ்ட் பண்ணிட்டு வெப்பேன்."

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

சாலையில் அம்மாக்கண்ணு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். பத்தடி பின்னால் கோபால். இடைவெளி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் நின்றாள்.

"வுழுந்த காய பொறுக்கி வெச்சியா இல்லியா?"

"கூடையிலதான் கீது. ஈரத்துணி போட்டு."

"ஈரத்துணி போட்டா பூஞ்ச பிடிக்காதா? இருவத்தாறு வருசமா இன்னாத்த கத்துகினே?" என்று திட்டிக்கொண்டே, அண்ணன் வந்து சேரும் வரை அவள் அங்கேயே நின்றாள்.